கைக்கு வேலை: அட்டையில் ஓர் அம்பாசிடர்

சகோதரிகளே, பூ வேலை, குரோஷா, ஒயர் கூடை என்று இந்தப் பகுதியில் எத்தனையோ பார்த்துவிட்டோம். இந்தத் தடவை ஒரு மாறுதலுக்குக் கார் செய்யலாம் என்றிருக்கிறேன். சிரிக்காதீர்கள்! நிஜக் காரின் எல்லா அளவையும் ஒரே கணக்கில் சுருக்கி, அலமாரியில் அடங்குகிற மாதிரி செய்கிற மாடல் காரைத்தான் சொல்கிறேன். "அது ஆம்பளைப் பசங்க சமாச்சாரமாச்சே, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் ஒரு மனிதர் வேலை இல்லாமல் மனம் ஒடிந்து உட்காரும் காலம் எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். அந்தச் சமயத்தில் இப்படி ஒரு கைவேலை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பொம்மை வேறு, மாடல் வேறு

பொம்மைக் காருக்கு நாலு சக்கரம் இருந்தால் போதும். மாடலுக்குக் கணக்கு வேண்டும். 'ஒன்றுக்கு இருபத்து நாலு' என்றால், நிஜக் காரின் நீளம், அகலம், உயரம், சக்கரம், விளக்கு எல்லாமே 24-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், கழுத்தளவு தப்பிய பனியன் மாதிரி!

சின்னக் கார்களுக்கு ஒரு சுவாரசியமான கதை உண்டு. இங்கிலாந்தில் லெஸ்னி என்ற கம்பெனியின் பங்குதாரர் ஜாக் ஓடெல். அவருடைய மகள் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று கண்டிப்பு. அப்பா தீப்பெட்டிக்குள் அடங்கும்படி குட்டி ரோடு ரோலர் ஒன்று செய்துகொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1953-இல் கடைக்கு வந்த 'மேட்ச்பாக்ஸ்' வரிசை. அமெரிக்காவின் 'ஹாட் வீல்ஸ்' வந்தது 1968-இல். இவை ரெடிமேட். துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து, நாமே ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டிய 'கிட்'டுகள் இன்னொரு ரகம். அமெரிக்காவில் ரெவெல், ஏ.எம்.டி., ஜப்பானில் டாமியா என்று பெயர் பெற்ற கம்பெனிகள் அவற்றைச் செய்கின்றன. டாமியா 1946-இல் மரக்கடையாகத் தொடங்கியது என்றால் நம்ப முடிகிறதா?

இந்தப் பெட்டிகளில் 'ஹாட் ராட்' என்று ஒரு வகை. அமெரிக்காவில் கலிபோர்னியா வாலிபர்கள் 1930-களில் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டு, கூரை என்று பாரமானவற்றைக் கழற்றி எறிந்து, எஞ்சினை முறுக்கேற்றி ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அது ஒரு மோகமாகவே பரவியது. 1932-ஆம் வருஷத்துப் போர்டுதான் அதில் ராஜா. அம்மாவின் பழைய பட்டுப்புடவையை வெட்டி மகளுக்குப் பாவாடை தைத்து ஜரிகை வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே புத்திதான்!

நம் கொங்குச் சீமைக்கும் மோட்டார் மோகம் புதிதல்ல. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டிப் பார்த்தாராம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர் அவர். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை 2015-இல் 'ஜீடி கார் மியூசியம்' திறந்தது. பல நாட்டுப் பழைய கார்களையும் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். லீவு நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மாடல் செய்கிறவர்களுக்கு அதைவிடப் பாடப் புத்தகம் கிடையாது.

எங்கள் வீட்டில் வந்த விதம்

எங்கள் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆறு கெடுவதைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆறும் நம்முடையது, வயிறும் நம்முடையது. யாரைக் குறை சொல்ல?

பத்து நாள் போனது, இருபது நாள் போனது. மனுஷர் வாசல் தாண்டவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், கேட்டால் 'ம்' என்பார். நான் பிசிர் வெட்டும் வேலையைப் பீஸ் கணக்கில் வீட்டுக்கே வாங்கிவந்து அடுப்பெரித்தேன். பணக் கஷ்டத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த மௌனத்தைத் தாங்கத்தான் தெம்பு இல்லை.

அப்போது மூன்றாம் வகுப்புப் படித்த பையன் ஒரு சாயங்காலம், "ஏனுங்கப்பா, டாக்ஸி ஸ்டாண்டுல நிக்குதே, அந்த வெள்ளைக் காரு, அட்டையில செஞ்சு தர்றீங்களா?" என்று கேட்டான். பதில் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் என் தையல் மிஷின் டிராயரிலிருந்த இஞ்ச் டேப்பைக் காணோம்! டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய், டிரைவரிடம் சொல்லிக்கொண்டு, அம்பாசிடரை முன்னும் பின்னும் அளந்து, பையனுடைய நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். வந்ததும் வராததுமாக, "அம்மிணி, மைதாப் பசை கொஞ்சம் காய்ச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அட்டைக் கார் அரிசி வாங்கித் தராது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்த பிறகுதான் சம்பளம் வந்தது. ஆனால் அதுவரைக்கும் காலையில் எழுந்து குளிக்க ஒரு காரணம், பையனுடன் பேச ஒரு விஷயம், "இது என் கையால் ஆனது" என்று காட்ட ஒரு பொருள் அவருக்கு இருந்தது. கை ஓய்ந்தால்தானே மனமும் ஓய்கிறது?

அளவு ரகசியம்

தையல் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபம். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் அல்லவா? அதில் 24-இல் ஒரு பங்கு அரை அங்குலம். ஆக, நிஜக் காரில் ஓர் அடி என்றால் மாடலில் அரை அங்குலம். தீர்ந்தது! அம்பாசிடர் சுமார் 14 அடி நீளம், எனவே மாடல் 7 அங்குலம். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் 8 அடி, எனவே 4 அங்குலம். அகலம் சுமார் 5½ அடி, எனவே 2¾ அங்குலம். உயரம் 5¼ அடி, எனவே 2⅝ அங்குலம்.

1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் தயாரான கார் இது. கல்யாண ஊர்வலம், கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி அவசரம் என்று எல்லாவற்றுக்கும் வந்துபோனதால், உருவம் நம் மனசிலேயே பதிந்திருக்கிறது. முதல் மாடலுக்கு அதுதான் சௌகரியம். வெளிநாட்டுக் கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். அட்டையில் கை பழகின பிறகு அதை யோசிக்கலாம்.

செய்முறை

வேண்டிய சாமான்: பனியன் பெட்டியின் அட்டை, மடித்த சட்டைக்குள் வைக்கும் மெல்லிய அட்டை, பழைய தினசரித் தாள், மைதாப் பசை, வெள்ளைக் கோந்து, பாட்டில் மூடி 4, தீர்ந்துபோன பால்பென் ரீபிள் 2, காகித ஸ்ட்ரா, பிரஸ் பட்டன், கண்ணாடித் தாள், போஸ்டர் கலர்.

முதலில் காரின் பக்கவாட்டுத் தோற்றத்தைத் தாளில் சரியான அளவில் வரையுங்கள். பனியனுக்குப் பேட்டர்ன் வெட்டுகிற மாதிரி அதைப் பெரிய அட்டையில் வைத்து, இடது வலது இரண்டையும் ஒரே வரையில் வெட்ட வேண்டும். ஜன்னல்களையும் இப்போதே வெட்டிவிடுங்கள். அடித்தட்டை நடுவில் வைத்து இரு பக்கமும் வெள்ளைக் கோந்தால் ஒட்டி, இடையில் மூன்று குறுக்குச் சட்டம் கொடுத்தால் பெட்டி ஆடாது.

கூரைக்கும் பானெட்டுக்கும் மெல்லிய அட்டை. அம்பாசிடரில் எங்கே பார்த்தாலும் வளைவு! அட்டையை லேசாக ஈரத் துணியால் ஒற்றி, சப்பாத்திக் குழவியின் மேல் மெல்ல உருட்டுங்கள். மடிப்பு விழாமல் வளையும். ஒட்டிய பிறகு, தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து நாலு சுற்று ஒட்டவும். ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உப்பிப் போகும். கடைசியில் உப்புத்தாளால் தேய்த்தால் வழவழ என்று வரும்.

நிஜ டயர் சுமார் 26 அங்குலக் குறுக்களவு. நம் கணக்கில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். சோடா, தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய அதே அளவு! ஸ்ட்ராவை அடித்தட்டில் குறுக்கே ஒட்டி, அதற்குள் ரீபிளை விட்டு, இரு முனையிலும் மூடியைப் பொருத்தினால் சக்கரம் சுழலும். சின்ன பிரஸ் பட்டன் ஹெட்லைட். கண்ணாடித் தாள் ஜன்னல்.

பெயிண்ட் விஷயத்தில் எங்கள் வீட்டுக்காரரின் யோசனை இது: "அம்பாசிடர் வெள்ளை, சுத்த வெள்ளை இல்லை. ஒரு சொட்டு மஞ்சள், அதில் பாதி பழுப்பு." ஷேடு பார்த்த கண் பொய் சொல்லுமா? ஒரேயடியாகக் கெட்டியாகப் பூசாமல் மூன்று தடவை மெலிசாகப் பூசுங்கள்.

இதையெல்லாம் மறக்காதீர்கள்

எங்கள் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயசு. அதனால் முதல் நாளே நான் சட்டம் போட்டுவிட்டேன். இளம் தாய்மார்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இது.

மூன்று வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால், சாமான் எல்லாம் மூடி போட்ட டப்பாவில், உயரத்தில் இருக்க வேண்டும். பொம்மைகளைச் சோதிக்க 1¼ அங்குல அகலத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாகப் போகிற எந்தச் சாமானும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. நம் பாட்டில் மூடியும் அதற்குள் போய்விடும்!

விளக்கு எரியும் கார்களில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாய் வெந்துவிடலாம். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நொடியில் ஒட்டும் சூப்பர் பசையை வாங்கினால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். நம் ஊரில் எதைத் துடைக்கவும் பனியன் வேஸ்ட்தான் கைக்கு வரும். இந்தப் பசை பருத்தியில் பட்டால் சூடேறிப் புகையும், தோலைச் சுட்டுவிடும். பருத்தித் துணியால் துடைக்கவே கூடாது. விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்கப் பார்க்காமல், தண்ணீரால் அலம்பி டாக்டரிடம் ஓடுங்கள்.

பிளாஸ்டிக் கிட்டுக்கு எனாமல் பெயிண்ட், தின்னர் உபயோகித்தால் மொட்டை மாடியோ திறந்த ஜன்னலோ அவசியம். அடுப்பும் ஊதுபத்தியும் கிட்டே ஆகாது. கர்ப்பிணிகள் அந்த நெடியில் நிற்கவே வேண்டாம். பிளேடு வேலை பெரியவர்களோடு போகட்டும்.

கடையில் பொம்மைக் கார் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

செலவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு டப்பா இருக்கிறது. பழைய பேப்பர் போட்ட காசு அதில் விழும். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

இன்று அலமாரியில் பதினோரு கார்கள் நிற்கின்றன. அன்றைக்கு இரண்டு வயசாக இருந்த பெண் இப்போது பிளஸ் ஒன். அவள்தான் இப்போது பிளான் வரைகிறாள். விகிதக் கணக்கு என்றால் அவளுக்குப் பயமே இல்லை.

உங்கள் வீட்டிலும் ரிட்டயரான மாமனாரோ, வேலைக்குக் காத்திருக்கும் கொழுந்தனாரோ, செல்போனே கதி என்று கிடக்கும் பையனோ இருந்தால், "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்பதற்கு முன்னால் மேஜையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுங்கள். ஒரு கிண்ணம் மைதாப் பசையும் காய்ச்சி வையுங்கள். மற்றதை அவர்கள் கை பார்த்துக்கொள்ளும்.