கால்வாய்க்கு வேலி போதாது, படகு வேண்டும்



"துடுப்புப் படகெல்லாம் பணக்காரர் விளையாட்டு சார், நம்ம பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் அப்படி நினைப்பதற்குச் சென்னையில் காரணம் இருக்கிறது. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில் இயங்குகிறது. குடிசைப் பகுதிப் பிள்ளை தயங்காமல் போய் நிற்கக்கூடிய இடமா அது? ஆனால் அது படகின் குற்றமல்ல. வாசலைக் குறுக்கி வைத்தவர்களின் குற்றம்.

லண்டனைப் பாருங்கள். அங்கே 1820இல் திறந்த ரீஜெண்ட்ஸ் கால்வாயில் 1960களில் சரக்குப் படகுகள் ஓய்ந்துகொண்டிருந்தன. கேம்டன் பகுதியில் கால்வாய்க்கரையில் வசித்த செயின்ட் டேவிட்ஸ் பிரபு, 1966இல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு படகுக் கழகம் தொடங்கினார். முதலில் ஒரு பழைய சரக்குப் படகுதான் கழகத்தின் இடம். 1977இல் கோட்டை வடிவில் கட்டடம் வந்தது. பெயர் 'பைரேட் காசில்', அதாவது கடற்கொள்ளையர் கோட்டை! இன்றும் அங்கே பிள்ளைகள் துடுப்புப் போடப் பழகுகிறார்கள்.

நம் பக்கிங்காம் கால்வாயை என்ன செய்தோம்? கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி 1877-78இல் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டியது. விறகும் உப்பும் படகில் வந்த கால்வாய் இது. 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போனதும் இதிலேதான். அதில் நாம் சாக்கடையை விட்டோம். பறக்கும் ரயிலுக்குத் தூண்களை அதற்குள்ளேயே நட்டோம். இப்போது கரையில் சுவர், வேலி, நாலு செடி வைத்து 'அழகுபடுத்துகிறோம்'.

"முதலில் சுத்தமாகட்டும், படகு அப்புறம்" என்பார்கள். கேட்க ஆளில்லாத தண்ணீர் எப்படிச் சுத்தமாகும்? வேலிக்குப் பின்னால் எது ஓடினாலும் யாருக்கும் தெரியாது. தன் பிள்ளை வாரந்தோறும் படகேறும் தண்ணீரில் கழிவைக் கலந்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

சாக்கடையில் பிள்ளைகளை இறக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விழும் கழிவுநீரை நிறுத்துங்கள். தண்ணீரைப் பரிசோதித்து, தேறினால் ஒரு படித்துறை, நாலு படகு, நல்ல பயிற்சியாளர், ஒவ்வொரு பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட். பக்கத்திலிருக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கே முதல் இடம். கட்டணம் கூடாது.

கால்வாயை வெட்டியவர்கள் ஏழைகள். அவர்கள் வழிவந்த பிள்ளைகள் அதில் துடுப்புப் போடக் கேட்பது ஆடம்பரமா?

அடுத்த முறை உங்கள் வார்டு கவுன்சிலர் செடி நட வரும்போது, படகு எப்போது என்று கேளுங்கள்.