தோற்ற மறுநாள்

கடந்த மார்ச் மாதம் எங்கள் ஊர்ச் சங்கத்தில் நான் தோற்றேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பெரிய மண்டபத்தைத் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுபோனேன். ஆதரவாகக் கை தூக்கியவர்கள் ஒன்பது பேர்.

“மண்டபத்தை வாடகைக்கு விட வேண்டியிருக்கிறது, சார். பின்னால் இருக்கும் சின்ன அறையை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் செயலாளர். பழைய நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கும் அறை அது. “அது எனக்கு வேண்டாம்” என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்று மாதம் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை.

ஜூன் மாதம் சுவீடனில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் அழைத்தான் என்று அங்கே போயிருந்தேன். “மாமா, ஒரு தீவுக்குப் போவோம்” என்று ஸ்டாக்ஹோமில் கப்பல் ஏற்றினான். சில மணி நேரத்தில் ஓலண்ட் தீவுகளின் தலைநகரான மரியஹாம்னில் இறங்கினோம். ஓலண்ட், பின்லாந்து நாட்டுக்குச் சொந்தமானது. ஆனால் நான் பார்த்த தெருப் பெயர்கள் எல்லாம் சுவீடிஷ் மொழியில் இருந்தன. மொத்தம் 6,000க்கும் மேற்பட்ட தீவுகள். மக்கள் சுமார் 30,000 பேர்தான். இவ்வளவு சிறிய கூட்டம் தன் மொழியை எப்படிக் காத்துக்கொண்டது என்று கேட்டேன். “சுண்ட்புளூம் என்று ஒருவர் இருந்தார், மாமா” என்று ஆரம்பித்தான். ஊர் திரும்பியதும் நானும் தேடிப் படித்தேன்.

யூலியஸ் சுண்ட்புளூம் 1865இல் பிறந்தவர். விவசாயிகளும் மீனவர்களும் கப்பல்காரர்களும் வாழ்ந்த தீவுகளில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1891இல், 26 வயதுகூட நிரம்பியிருந்ததோ இல்லையோ, ‘ஓலண்ட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. பின்னாளில் பின்லாந்து நாடாளுமன்றத்துக்கும் போனார்.

1917இல் ரஷ்யப் பேரரசு ஆட்டம் கண்டது. அந்த ஆகஸ்டில் தீவுகளின் ஊர்ப் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, சுவீடனோடு சேர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 7,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு சுவீடன் மன்னரிடம் போனது. முன்னணியில் நின்றவர் சுண்ட்புளூம்.

புதிதாகச் சுதந்திரம் பெற்ற பின்லாந்து விட்டுக்கொடுக்கவில்லை. 1920 மே மாதம் தீவுகளுக்குத் தன்னாட்சி தரும் சட்டத்தை நிறைவேற்றியது. தீவு மக்கள், “நாங்கள் கேட்டது இதையல்ல” என்று மறுத்தார்கள். ஜூன் மாதம் பிரதமரே நேரில் வந்து பேசியும் பலிக்கவில்லை. சுண்ட்புளூமும் அவருடைய தோழர் கார்ல் பியோர்க்மனும் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு, பின்னர் விடுதலையானார்கள்.

வழக்கு சர்வதேச சங்கத்துக்குப் போனது. 1921 ஜூன் 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது: ஓலண்ட் பின்லாந்துக்கே. சுண்ட்புளூம் தோற்றார்.

அவர் இடத்தில் நானாக இருந்தால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தத் தீர்ப்போடு சில உறுதிமொழிகளும் வந்தன. அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சுவீடிஷ்தான் பயிற்றுமொழி. நிலம் வெளியார் கைக்குப் போகாதபடி பாதுகாப்பு. அரசு நியமிக்கும் ஆளுநருக்குத் தீவுச் சட்டமன்றத் தலைவரின் இணக்கம் வேண்டும். கேட்டது கிடைக்கவில்லை, ஆனாலும் இது வெறுங்கை இல்லை.

1922 ஜூன் 9ஆம் தேதி சட்டமன்றம் முதன்முறையாகக் கூடியது. வேண்டாம் என்று தள்ளிய அதே தன்னாட்சியின் அவைத் தலைவர் நாற்காலியில் சுண்ட்புளூம் அமர்ந்தார். அவரோடு கைதான பியோர்க்மன் நிர்வாகத்தின் தலைவரானார். 1945இல் இறக்கும்வரை, 23 ஆண்டுகள், சுண்ட்புளூம் அந்த நாற்காலியை விடவில்லை. ‘ஓலண்ட் ராஜா’ என்றே மக்கள் அழைத்தார்கள்.

தீவுகளுக்குத் தனிக்கொடி 1954இல் வந்தது. தனி அஞ்சல்தலை 1984இல் வந்தது. இரண்டையும் அவர் பார்க்கவில்லை. ஜூன் 9ஆம் தேதியை இன்று தன்னாட்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். தோற்றுப்போன ஒரு கோரிக்கையின் மிச்சத்தில் முளைத்த கொண்டாட்டம் அது.

அவர் சிறைக்குப் போனதைவிட, வெளியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோபத்தோடு எழுந்து போவதற்கு ஒரு நிமிடம் போதும். எனக்கு அது நன்றாகவே வரும். கொடுத்ததை வாங்கி, 23 ஆண்டுகள் அதை உழுது விளைவிப்பதற்கு வேறு மனம் வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால், அந்த உறுதிமொழிகள் காகிதத்திலேயே தங்கியிருக்கலாம்.

ஊர் திரும்பிய வாரம் செயலாளரைப் பார்க்கப் போனேன். “அந்தச் சின்ன அறைச் சாவி இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். நாற்காலிகளை ஒதுக்கித் தூசி தட்ட ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. முதல் ஞாயிறு ஏழு பிள்ளைகள் வந்தார்கள். போன வாரம் பதினொரு பேர். இருவர் வாசலில் உட்கார வேண்டியதாயிற்று.

மண்டபத்தை நான் மறந்துவிடவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன். அதுவரை வகுப்பு காலை ஒன்பது மணிக்கு, பின்பக்க அறையில்.