நரம்பு முதலில், ராடு கடைசியில்

தூண்டில் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் ராடைத்தான் கையில் எடுக்கிறார். நீளம், விறைப்பு, விலை மூன்றையும் பார்த்துவிட்டு, நரம்பும் முள்ளும் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். சுங்குவார்சத்திரம், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்துவிட்டு விடுமுறையில் ஏரிக்கரைக்குப் போகும் இளைஞர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து மீன், பிறகு அதற்கேற்ற நரம்பு, கடைசியில்தான் ராடு. பிடியை ஒட்டி ராடில் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண்கள், அது எந்த நரம்புக்குச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கின்றன. அதைத் தாண்டிய நரம்பைப் பூட்டி முரட்டுத்தனமாக இழுத்தால் நரம்புக்கு முன் ராடு முறியும்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் பிடிப்பவர்கள் எட்டரை அடிக்கு மேற்பட்ட ராடுகளை விரும்புவது வீம்புக்காக அல்ல. ஓடும் நீர் நரம்பை இழுத்துக்கொண்டு போனால் இரை இயல்பாக மிதக்காது. நீண்ட ராடு நரம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறது. மீன் திடீரென்று பாயும்போது ராடின் வளைவு அதிர்ச்சியையும் தாங்கிக்கொள்கிறது. ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் வானவில் டிரவுட்தான். அதே இனத்தைத்தான் ஆங்கிலேயர்கள் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். ஒடுங்கிய மலை ஓடையில் அந்த நீள ராடு மரக்கிளையில்தான் சிக்கும். மீன் ஒன்றே, தண்ணீர் மாறியதும் கருவியும் மாறுகிறது.

நம் ஏரிகளில் ஓட்டம் இல்லை. ஆகாயத்தாமரையும் அல்லியும் கோரையும் உண்டு. விரால் அந்தச் செடிகளுக்குள் பதுங்கி இரை பிடிக்கும். முள் ஏறியதும் மறுபடி செடிக்குள் பாய்ந்து நரம்பைச் சுற்றிவிடும். அதை உடனே வெளியே இழுக்க 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு நரம்பும், ஏழடி அளவில் விறைப்பான ராடும், செடியில் சிக்காத ரப்பர் தவளையும் வேண்டும். கால் கிலோ, அரைக் கிலோ ஜிலேபி மீனுக்கு இதே செட்டைப் போட்டால், தடித்த நரம்பில் சின்ன இரை செத்ததுபோலத் தொங்கும். அதற்கு மெல்லிய தங்கூசி நரம்பு, சிறு முள், இலேசான தக்கை, வளையும் ராடு போதும்.

மூங்கில் கழியோடு வரும் ஊர்ப் பெரியவர் இதையெல்லாம் பார்க்காமலே அதிகம் பிடிக்கிறாரே என்று கேட்கலாம். அவர் அந்த ஏரியையும் மீனையும் அறிந்தவர். நரம்பும் முள்ளும் அதற்கேற்றபடிதான் கட்டியிருப்பார். ராடு எளிமையாக இருந்தாலும் குறைவில்லை என்பதற்கு அவரே சான்று. இரண்டு செட்டுக்குப் பணமில்லை என்பது நியாயமான பேச்சு. அப்படியானால் எந்த மீன் என்று ஒன்றைத் தீர்மானித்து, விலை குறைந்த ராடும் தரமான நரம்பும் முள்ளும் வாங்குங்கள். பொருந்தாத நரம்பின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை. அறுந்தால் மீன் வாயில் முள்ளோடு போகிறது. செடியில் தங்கும் நைலான் ஆண்டுக்கணக்கில் மக்காமல் கிடந்து கொக்கின், நீர்க்காகத்தின் காலைச் சுற்றுகிறது.

ஏரியில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், முதலில் குத்தகைதாரரிடம் அனுமதி கேளுங்கள். செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைக் காவல் காக்கும் விராலுக்குத் தவளையை வீசாதீர்கள். கிளம்பும்போது அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.