காலேஜில் முதல் நாள்: ஹாலில் ஒரு வரவேற்பு, பஸ்சில் இன்னொரு வரவேற்பு!

புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கூடவே அப்பா–அம்மா. சென்னை காலேஜ்களில் முதலாம் ஆண்டு வரவேற்பு நாளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாசலில் ரோஜாப்பூ, சாக்லேட். மேடையில் பிரின்சிபால். சில காலேஜ்களில் போலீஸ் அதிகாரியும் வந்து உட்காருவார். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, ராகிங் செய்தால் டிஸ்மிஸ் என்று சொல்வார்கள். பெற்றோர் தலையாட்டிவிட்டு மகனை அழைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அதோடு சரி.

மறுநாள் பையன் தனியாகத்தானே பஸ் ஏற வேண்டும்? இரண்டாவது வரவேற்பு அங்கேதான் நடக்கிறது.

"எந்த ரூட்டு?"

"தம்பி, எந்த ரூட்டு?" சீனியர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். படிக்கும் பாடம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பஸ் தடத்துக்கும், மின்சார ரெயில் பாதைக்கும் ஒரு 'ரூட்டு தல' உண்டு. கூட்டத்தோடு நின்று கோஷம் போடு, பாட்டுக்குத் தாளம் தட்டு, விழாவுக்குக் காசு கொடு என்பார்கள். புதுப் பையன் பயத்தில் சேருவான். பிறகு அதுவே பெருமையாகிவிடும். அடுத்த வருஷம் அவனே சீனியர்.

இது வெறும் விளையாட்டு என்று நினைத்தால் தப்பு. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் 29இ பஸ்சை மறித்து, பட்டாக்கத்தியோடு மாணவர்களே மாணவர்களை வெட்டினார்கள். பயணிகள் அலறி ஓடினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர், சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை போச்சு. மற்ற குடும்பங்கள் ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

1996 நவம்பரில், முன்னாள் துணைவேந்தர் மகன் நாவரசு சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு படிக்கும்போது ராகிங்கில் கொல்லப்பட்டார். தமிழ்நாடே பதறியது. மறு வருஷமே சட்டம் வந்துவிட்டது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவன் வேறு எந்தக் காலேஜிலும் சேர முடியாது. புகாரைக் கண்டுகொள்ளாத நிர்வாகத் தலைவரும் உடந்தை என்றே கருதப்படுவார்.

2009 முதல் மாணவரும் பெற்றோரும் வருஷாவருஷம் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்? கியூவில் நிற்கும் அவசரத்தில் பேனாவை வாங்கிக் கிறுக்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச போன் இருக்கிறது. 24 மணி நேரமும் பேசலாம். இந்த நம்பரை பையனின் செல்போனில் முதல் நாளே பதிந்து கொடுங்கள்.

ஸ்டேஷன் வாசலில்...

மாணவர் மோதல் என்றால் நமக்கு ஸ்டேஷன் வாசலில்தான் வேலை. அங்கே எப்போதும் ஒரே காட்சி. வீட்டு வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த அம்மாக்கள். "எம் புள்ள அடிக்கல சார், கூட நின்னான், அவ்வளவுதான்" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கும்பலில் நின்றவன் பெயரும் எப்.ஐ.ஆரில் ஏறிவிடும். மூன்று வருஷம் கழித்து போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பம் போடும்போது அந்தக் காகிதம் குறுக்கே நிற்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரவேண்டியவன் கதி இது.

மேடைப் பேச்சு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதில் பஸ், ரெயில் பேச்சு எவ்வளவு? திருத்தணி, கும்மிடிப்பூண்டி பாதையில் வருகிற புது மாணவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, பாதைக்கு ஒரு பேராசிரியர் பொறுப்பேற்றால் என்ன? பெரிய செலவும் ஆகாது. முதல் நாள் மேடையில் மாலை வாங்கிய போலீஸ் அதிகாரி, அடுத்த வாரம் காலை 8 மணிக்கு சென்ட்ரல் பிளாட்பாரத்தில் நிற்கட்டும். பையன்களுக்கு அந்த முகம் ஏற்கனவே தெரிந்திருக்கும்.