பூட்டி வைத்த பாட்டு

எங்கள் திலக் நகரில் பழைய ஹவுசிங் போர்டு கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பி வருகின்றன. வீடு மாறும்போதுதான் நம்மிடம் என்னவெல்லாம் இருக்கிறது என்பதே நமக்குத் தெரிகிறது. பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் பாதி பங்கார்வாலாவுக்குப் போகிறது. அவரும் இப்போது விவரமானவர். பித்தளை அண்டாவை எடை போட்டு வாங்கும் அதே மனிதர், பழைய கிராமபோன் பெட்டியைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதை மட்டும் தனியாகப் பேசுவோம், சாப்" என்கிறார்!

சென்ற மாதம் எதிர்க் கட்டிடத்து நண்பர் ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அப்படி ஒரு பெட்டியையும் நாற்பது இசைத்தட்டுகளையும் பெரும் விலை கொடுத்து வாங்கினார். புது வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி செய்து வைத்திருக்கிறார். "ஒரு பாட்டுப் போடுங்களேன்" என்று கேட்டேன். பதறிவிட்டார். "போட்டால் தேய்ந்துவிடும் ஐயா! வைத்திருந்தால் விலை ஏறும்!" என்றார்.

இத்தனை விலை கொடுத்து இவற்றை வாங்கலாமா? வாங்கினால் போட்டுக் கேட்கலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நண்பரின் கட்சியில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. அதனுடன் கல் பொடியும் கலந்திருக்கும். அந்தப் பொடிதான் எஃகு ஊசியின் முனையைத் தேய்த்து வரிப்பள்ளத்துக்குப் பொருந்த வைக்கிறது. ஒரு பக்கம் பாடி முடித்த ஊசியை மீண்டும் உபயோகித்தால், அது தட்டை அறுத்துவிடும். "ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி" என்று நம் பெரியவர்கள் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான். ஊசியைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் எடையோடு தட்டின் மீது அழுந்துகிறது. எனவே ஒவ்வொரு முறை போடும்போதும் தட்டு சிறிது தேயத்தான் செய்யும். இதை மறுப்பதற்கில்லை.

போடாமல் வைத்தால் மட்டும் நிலைத்துவிடுமா?

என் தந்தையாரும் இப்படித்தான் நினைத்தார். திருநெல்வேலியிலிருந்து தாத்தாவின் இசைத்தட்டுகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து மும்பைக்குக் கொண்டுவந்தார். அறுபதுக்கு மேல் இருந்தன. கிராமபோனின் ஸ்பிரிங் அறுந்துபோன பிறகு வேறு பெட்டி வாங்கவில்லை. நாங்கள் தொட்டால் உடைத்துவிடுவோம் என்று பூட்டுப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். முப்பது வருடங்கள் அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை. 1998-ல் அவர் காலமானார். சாவி சுவாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். டிரங்குப் பெட்டி மிதந்து கவிழ்ந்தது. மூன்றாம் நாள் திறந்து பார்த்தபோது பெரும்பாலான தட்டுகள் உடைந்து கிடந்தன. உடையாமல் தப்பியவை பதினேழு. அவற்றிலும் நடுவில் ஒட்டியிருந்த லேபிள் கரைந்து போயிருந்தது. பாடியவர் யார், என்ன பாட்டு? ஒன்றும் தெரியவில்லை. பதினேழு கறுப்பு வட்டங்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் கிராமபோன் வாங்கக் கிளம்பினேன். ஹார்பர் லைனில் ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கி நடந்தால் சோர் பஜார், மட்டன் தெரு. முதலில் ஒரு கடையில், பளபளக்கும் பித்தளைக் குழாயும் நாய்ப் படமும் உள்ள பெட்டியைப் பார்த்து மயங்கினேன். 8,500 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, மரம் புதிது, குழாய் புதிது, நாயும் புதிது! உள்ளே இருந்த மோட்டார் மட்டும் ஏதோ ஒரு பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியது. என் துணைவியார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இரண்டாம் முறை அலங்காரத்தைப் பார்க்கவில்லை. கையில் தூக்கிச் செல்லும் கறுப்புப் பெட்டி, எச்.எம்.வி. 102 வகை ஒன்றை, கடைக்காரரைச் சாவி கொடுத்துப் பாட வைத்துக் கேட்ட பிறகே வாங்கினேன்.

வீட்டில் முதல் தட்டைப் போட்டோம். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல் உச்சத்துக்கு ஏறியது. அடுக்களையில் இருந்த என் தாயார் கரண்டியோடு வெளியே வந்து, "கிட்டப்பா இல்லையா இது!" என்றார்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் தமது 27-ஆம் வயதில் மறைந்தவர். பேசும் படம் தமிழுக்கு வந்து இரண்டே வருடங்கள் ஆகியிருந்தன. அவர் படத்தில் நடிக்கவே இல்லை. நாடக மேடையில் அவரைக் கேட்டவர்களும் போய்விட்டார்கள். அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இந்த அரக்குத் தட்டுகளில்தான்.

அந்த ஒரு வாரத்தில் அம்மா பதினொரு தட்டுகளை அடையாளம் சொன்னார். யார் பாடியது, தாத்தா எந்தப் பண்டிகைக்கு வாங்கினார், எந்தத் தட்டுக்காகப் பாட்டி கோபித்துக்கொண்டார் என்றெல்லாம் சொன்னார். மீதி ஆறு அம்மாவுக்குத் தெரியவில்லை. "உங்க அப்பா இருந்தா சொல்லியிருப்பார்" என்றார். அந்த ஆறும் இன்றுவரை எனக்குப் பெயரில்லாத குரல்கள்தான். அப்பா இருந்த காலத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கேட்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறித்திருப்பேன். தேயும் என்று பயந்து பூட்டினோம். தேய்ந்திருந்தால்கூட இவ்வளவு இழந்திருக்க மாட்டோம்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பின்பால் இயந்திரங்களைச் சேர்ப்பவர்களிடையேயும் இதே வாதம் உண்டு. ஒரு காலத்தில் நியூயார்க் நகரம் சூதாட்டம் என்று சொல்லி 1942-லிருந்து 1976 வரை தடை செய்திருந்த விளையாட்டு அது. இன்று அரிய இயந்திரங்களுக்குப் பெரும் விலை. ஆடினால் மதிப்புக் குறையும் என்று பெட்டியைப் பிரிக்காமலே வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆடாமல் வைத்தாலும் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் காலத்தால் கெடத்தான் செய்யும். கிராமபோனும் அப்படியே. ஓடாத பெட்டியில் ஸ்பிரிங்கின் கிரீஸ் இறுகிப்போகும், சவுண்ட் பாக்ஸின் ரப்பர் கட்டிதட்டிப்போகும்.

ஆகவே என் கருத்து இதுதான். பாட வைக்கும் எண்ணம் இருந்தால் வாங்குங்கள். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள்; அதற்கு வங்கி டெபாசிட் போதும். பெண்ணின் படிப்புக்கோ, வீட்டுப் பெரியவரின் வைத்தியத்துக்கோ வைத்த பணத்தில் கை வைக்கவே வேண்டாம்.

வாங்கியபின் எல்லாத் தட்டுகளையும் ஒரே மாதிரி நடத்தவும் வேண்டாம். பரவலாகக் கிடைக்கும் தட்டுகளைப் புது ஊசி போட்டுத் தாராளமாகக் கேளுங்கள். அரிய தட்டைப் பழைய பெட்டியில் போடாதீர்கள். 78 சுற்றுக்கென்றே செய்த அகலமான முனை ஊசியுள்ள இன்றைய மின்சார டர்ன்டேபிளில் சில கிராம் எடையிலேயே அது பாடும். ஒரு முறை நல்லபடியாகக் கணினியில் பதிவு செய்துகொண்டு, பிறகு எடுத்து வையுங்கள். படுக்க வைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

வழிகாட்டவும் ஆட்கள் இல்லாமல் இல்லை. இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990-ல் நம் மும்பையிலேயே தோன்றியது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயிரக்கணக்கில் தட்டுகளைச் சேர்த்தார். சேர்த்ததோடு நில்லாமல் அவற்றைப் பற்றி எழுதியும் பேசியும் மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார். சேகரிப்புக்கு அதுதான் அழகு.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மாலை, தட்டு வைத்திருப்போர் இரண்டிரண்டு கொண்டு வரட்டும். எண்பது கடந்த பெரியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன் வரிசையில் உட்கார வைப்போம். அவர்கள் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பெட்டி தர நான் தயார். ஊசிச் செலவும் என்னுடையதே.

என் தாயார் 2019-ல் காலமானார். இனி என் ஆறு தட்டுகளுக்குப் பெயர் சொல்ல நம்மிடையே யாராவது இருக்கக்கூடும். முதல் கூட்டத்துக்கு அவற்றை நான் கொண்டு வருகிறேன். எதிர்க் கட்டிடத்து நண்பரும் தம் அலமாரியின் சாவியோடு வருவார் என்று நம்புகிறேன்.