எந்த ரோல் என்று கேட்பதற்கு முன்

ஃபிலிமுக்குத் திரும்பி வரும் இளைய ஒளிப்படக்காரர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வண்ணம் தூக்கலாகவும் கான்ட்ராஸ்ட் அழுத்தமாகவும் வர எந்த ரோல் வாங்க வேண்டும்? எந்த வெயிலில் எடுக்கப்போகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வேல்வியா ஸ்லைடுக்கும் எக்டார் நெகட்டிவுக்கும் எழுதப்பட்ட குறிப்புகளில் பெரும்பகுதி, சூரியன் சாய்வாக வந்து நெடுநேரம் பொன்னிறத்தில் தங்கும் வடநாடுகளில் பிறந்தவை. இராஜாக்கமங்கலம் கடற்கரையில் அவற்றை அப்படியே பின்பற்றினால் ரோல் வீணாகும்.

இந்த ஊரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்ண ஃபிலிமைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் தமிழகத்தில் அதிகம் இல்லை. ஏறக்குறைய எட்டு பாகை வட அட்சம். சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆள் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். மாலையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் பொன்வெயில் வந்த வேகத்தில் போய்விடும். இந்தக் கரை நெடுக மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்து கிடக்கின்றன. பக்கத்து மணவாளக்குறிச்சி அருமணல் ஆலை பிரித்தெடுப்பது இவற்றைத்தான். அலை வடியும்போது கறுப்பும் செம்மையும் வரிவரியாகத் தங்க, அடுத்த அலையின் வெண்நுரை அதன்மேல் ஏறும்.

கேமராவின் மீட்டருக்குத் தெரிந்தது நடுச்சாம்பல் ஒன்றுதான். ஈரக் கருமணல் சட்டத்தை நிறைத்தால், அதையும் சாம்பலாக்கப் பார்த்து ஒளியை அள்ளி விடும். மணல் வெளிறும், நுரை வெந்துபோகும். ஸ்லைடு ஃபிலிம் தாங்குவது சுமார் ஐந்து ஸ்டாப்தான். நனைந்த இல்மனைட்டிலிருந்து வெயில்பட்ட நுரைவரை உள்ள இடைவெளி அதற்குள் அடங்காது. ஆகவே எதை இழப்பது என்று ஷட்டரை அழுத்துமுன்பே முடிவெடுக்க வேண்டும். நாங்கள் சொல்வது: நுரையை ஸ்பாட் மீட்டரில் அளந்து, இரண்டு ஸ்டாப் கூட்டி அங்கே நிறுத்துங்கள். மணல் கறுத்துப் போகட்டும். கார்னெட்டின் செம்மை அந்தக் கறுப்புக்குள்ளிருந்து எழும்பி வரும். ஸ்லைடில் வண்ணத்தின் செறிவு எப்போதும் எக்ஸ்போஷரின் கஞ்சத்தனத்தில்தான் இருந்திருக்கிறது. வேல்வியா 50-ஐ 40 என்று வைத்து எடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. இந்தக் கரையின் நண்பகலில் அது வேண்டாம்.

சரியாகச் சொன்னால், நண்பகலில் வேல்வியாவே வேண்டாம். கான்ட்ராஸ்ட் மிகுந்த ஒளிக்குப் பொறுமையான ஃபிலிம், மங்கிய ஒளிக்கு முரட்டு ஃபிலிம்: இந்தப் பழைய விதியை, பெட்டியின்மேல் அச்சிட்ட சொற்களில் மயங்கி மறந்துவிடுகிறோம். 1990-இல் வந்த வேல்வியா ஆனி, ஆடிச் சாரலுக்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். மேகம் வெயிலைப் பரப்பிவிடும், கன்னிப்பூ வயல் பச்சைகட்டி நிற்கும், தென்னோலை நனைந்திருக்கும். ஓலையின் மேல்தோல் வானத்தின் வெண்மையைப் பிரதிபலிப்பதால்தான் அதன் பச்சை வெளிறித் தெரிகிறது. போலரைசர் அந்தப் பளபளப்பை அகற்றிவிடும். ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியையும் தின்னும் என்பதால் முக்காலி இல்லாமல் போகாதீர்கள்.

நண்பகலுக்கு நெகட்டிவ். 2008-இல் வந்த எக்டார் 100 அழுத்தமான வண்ணம் தரும், நீலக்கடலையும் சாயம் பூசிய வள்ளங்களையும் அருமையாகப் பிடிக்கும். ஆனால் ஒளி குறைந்தால் நிழல்கள் நீலம் பாரிக்கும். மனித மேனி சிவக்கும். வலை இழுப்பவர்களின் கரிய மேனியை அதில் எடுத்தவர்களுக்கு இது தெரியும். கோடாக்கின் பிரிண்டிங் லேப்கள் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் கொண்ட ‘ஷெர்லி கார்டு’ என்ற அட்டையை வைத்தே வண்ணத்தைச் சரிபார்த்தன. சரியான தோல் நிறம் எது என்பதை வேறொரு நாட்டில் யாரோ தீர்மானித்திருந்தார்கள். நம் மேனிக்கும் நம் மணலுக்கும் உரிய அளவுகோலை நாமே உண்டாக்காமல் தீராது. சோதனை என்று நாங்கள் சொல்வது இந்த வேலையைத்தான்.

ஸ்லைடை நெகட்டிவ் ரசாயனத்தில் கழுவும் கிராஸ் ப்ராசஸ் பற்றி நிறையப் பேர் ஆர்வமாக எழுதுகிறார்கள். கான்ட்ராஸ்ட் எகிறும், வெளிச்சப் பகுதி ஒரு சாயலும் நிழல் வேறொரு சாயலும் கொள்ளும். அழகான விபத்துகள் நேரும். ஆனால் அந்த வண்ணம் ஃபிலிமுடையது, ஊருடையதல்ல. சாரல் நாளில் ஒரு ரோல் முயன்று பாருங்கள். அதையே பாணியாக்கிக்கொள்ள வேண்டாம்.

வீட்டிலேயே கழுவுவோருக்கு நம் தட்பவெப்பம் ஓர் உதவி செய்கிறது. சி-41 டெவலப்பர் 37.8 டிகிரியில் மூன்றேகால் நிமிடம் நிற்க வேண்டும். கால் டிகிரி பிசகினாலும் வண்ணம் சாயும். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்தச் சூட்டை நெருங்கியே இருக்கும், தொட்டி வெப்பத்தைக் காப்பது எளிது. கறுப்பு வெள்ளையை 20 டிகிரியில் கழுவ ஐஸ் தேடுவதுதான் இங்கே பாடு. ஃபிலிமைப் பாதுகாப்பது வேறு விஷயம்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரோலை அறைச் சூட்டுக்கு வருமுன் பிரித்தால், கடலோர ஈரம் அதன்மேல் வியர்த்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் லேப் ஸ்கேனர் எல்லாவற்றையும் சமன்செய்துவிடலாம். அரை ஸ்டாப் குறைத்து எடுத்த சட்டத்தைத் தானியங்கித் திருத்தம் மற்றதைப் போலவே ஆக்கித் தந்தால் சோதனை அங்கேயே செத்தது. திருத்தம் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். நெகட்டிவில் வண்ணம் என்பது ஸ்கேன் செய்பவரின் கணிப்பு. ஸ்லைடு தன் வண்ணத்தைத் தானே சொல்லும். அதனால்தான் சோதனையில் ஒரு ரோலாவது ஸ்லைடாக இருக்க வேண்டும் என்கிறோம், விலை கூடுதல்தான். உதகையில் 1967 முதல் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடிக் கிடக்க, ஒவ்வொரு வண்ண ரோலும் இறக்குமதியாகவே வருகிறது. கோடாக்குரோமும் 2009-இல் நின்றது. 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாக்குரோம் 2018-இல் திரும்பி வந்தது நம் போன்றோர் விடாமல் கேட்டதால்தான்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கோடாக்குரோமில் இந்தியத் தெருக்களை எடுத்த ரகுபீர் சிங்கின் ‘தமிழ்நாடு’ நூல் 1996-இல் வந்தது. இந்தியாவைக் காண வண்ணமே இயல்பு என்று வாதிட்டவர் அவர். இராஜாக்கமங்கலத்துக்குச் சற்று மேற்கே, முட்டத்தின் பாறைகளையும் கடலையும் 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ திரைப்படத்துக்காக ஒளிப்பதிவாளர் பி. கண்ணன் ஃபிலிமில் பிடித்தார். கதையை விட்டுவிட்டு, வானத்துக்கும் முகத்துக்கும் இடையே அவர் எங்கே எக்ஸ்போஷர் வைத்தார் என்பதற்காகவே அதை மறுபடி பாருங்கள்.

வரும் இதழ்களில் இந்தக் கரையில் எடுத்த வண்ணப் படங்களைக் குறிப்புகளோடு வெளியிட விரும்புகிறோம். மாதம், மணி, எதை அளந்தீர்கள், எத்தனை ஸ்டாப் கூட்டினீர்கள் அல்லது குறைத்தீர்கள், எந்த ரசாயனம் என்பதைப் படம் எடுத்த இடத்திலேயே எழுதி வையுங்கள். ஒரே காட்சியை அரை அரை ஸ்டாப்பாக மாற்றி எடுத்த வரிசையாக இருந்தால், தேறாத சட்டங்களையும் சேர்த்தே அனுப்புங்கள். மற்றவர்க்கு உதவப்போவது அவைதாம். ஸ்லைடுகளுக்கு ஸ்கேன் போதாது. ஃபிலிமையே அனுப்புங்கள், ஒளிமேசையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தபாலில் திருப்பி அனுப்புகிறோம்.