பலர் முன்னே திருத்தலாமா?

பியானோ வகுப்பில் என் விரல் தவறினால் ஆசிரியைக்கு மட்டுமே தெரியும். அமெரிக்காவில் 1876-இல் தோன்றிய இசை ஆசிரியர் தேசியச் சங்கத்தின் மாநாடுகளிலோ, மாணவர் மேடையில் வாசிக்க, புகழ்பெற்ற கலைஞர் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். சபை நிறைய ஆசிரியர்கள்! “கொடுமை” என்கிறாள் என் தோழி. நான் ஒப்பமாட்டேன். ஃபிரான்ஸ் லிஸ்ட் வைமார் நகரில் 1869 முதல் 1886 வரை, கட்டணமே வாங்காமல், இப்படித்தான் கற்பித்தார். ஒருவருக்குச் சொன்னது அறையிலிருந்த அனைவருக்கும் பாடமாயிற்று. பல்லாண்டு கற்பித்தவர்களும் மாநாட்டில் மாணவராய் அமர்ந்து கேட்கிறார்களே, அது எவ்வளவு அழகு! ஆனால் கலைஞர் வாசிப்பைத்தான் திருத்த வேண்டும்; பிள்ளையைச் சபை சிரிக்கும்படி விடலாகாது. ஒருமுறை ஒத்திகையில் நான் தவறியபோது சிரிப்பொலி எழுந்தது. பிறகு மூன்று மாதம் அந்தப் பாடலை நான் தொடவேயில்லை.